முகூர்த்தத்துக்கு எது தாங்கும்? மூன்று ஃபவுண்டேஷன், இரண்டு பிரஷ், ஒரு ஸ்பாஞ்ச்

தங்கைக்கு வைகாசியில் கல்யாணம். திருச்சி உறையூர்ப் பக்கம் ஒரு மண்டபம். மணமகள் அறையில் மட்டும்தான் ஏசி. மேடைக்கு மேலே நாலு ஃபேன் சுற்றும், ஓமம் வளர்த்ததும் அதையும் ஐயர் நிறுத்தச் சொல்லிவிடுவார். முகூர்த்தம் காலை 6 மணியிலிருந்து 7.30. அப்படியென்றால் மூன்றரைக்கே முகத்தில் கை வைத்தாக வேண்டும். தாலி கட்டி, நலங்கு வைத்து, பந்தி முடிந்து, பெண் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது பன்னிரண்டு ஆகிவிடும். ஆக, எட்டரை மணி நேரம். முந்தின நாள் மாலை ரிசப்ஷன். அது ஏசி ஹால், மூன்று மணி நேரம்தான். ஆனால் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் வெட்டிக்கொண்டே இருக்கும்.

பார்லரில் பேக்கேஜ் எவ்வளவு என்று கேட்டோம். தொகையைக் கேட்டுவிட்டு இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் படி இறங்கினோம். ஆட்டோவில் உட்கார்ந்ததும், "நீயே போட்டுவிடுக்கா" என்றாள். நாட்டியப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து வருஷமாக அரங்கேற்ற மேக்கப் போடுகிறேன், அந்த தைரியம்தான். ஆனால் மேடை மேக்கப்பை இருபதடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பார்கள். கல்யாணப் பெண்ணை அத்தைமார்கள் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார்கள்.

எதை வாங்குவது என்று முடிவெடுக்க சித்திரை மாதத்தில் மூன்று வாரம் எடுத்துக்கொண்டோம். முகம் தங்கையுடையது. ஒரு நாளைக்கு இடது கன்னத்தில் ஒரு சரக்கு, வலது கன்னத்தில் இன்னொன்று. அப்படியே வேலைக்கும் போனாள். அவள் வேலை செய்யும் வங்கிக் கிளையில் யாருமே கண்டுபிடிக்கவில்லை. ஒரே ஒரு பென்ஷன் பாட்டி மட்டும் "ஒரு பக்கமா படுத்துத் தூங்குவியாம்மா?" என்று கேட்டாராம்.

கடைக்குப் போகும் முன் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். "24 மணி நேரம் வரை நிற்கும்" என்று போட்டிருந்தால் கண் 24-ல் நின்றுவிடும். கம்பெனியைக் காப்பாற்றுவது "வரை". யாரோ ஒருவர் முகத்தில் அத்தனை நேரம் நின்றிருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. தோலைக் கருவி வைத்து அளக்கும் கூடங்களில் அறை வெப்பத்தை 20, 22 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்வது வழக்கம். கத்தரி வெயிலில் ஓமகுண்டத்துக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து யாரும் அளப்பதில்லை.

"90 சதவீதப் பெண்கள் ஒப்புக்கொண்டார்கள்" என்பது இன்னொரு வகை. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதைப் பின்தொடர்ந்து பெட்டியின் அடிக்குப் போனால் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் அது அவர்களே கண்ணாடி பார்த்துச் சொன்ன கருத்து, கருவி சொன்ன அளவு இல்லை. "தோல் மருத்துவர் சோதித்தது" என்ற வரியில், சோதித்தபோது என்ன ஆயிற்று என்கிற தகவலே கிடையாது. "ஹைப்போஅலர்ஜெனிக்", அதாவது ஒவ்வாமை வருவது குறைவு, என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. அதை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக் கூடாது, சோதித்து நிரூபித்தால்தான் போடலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1975-ல் ஒரு விதி கொண்டுவந்தது. இரண்டு அழகுசாதன நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று சொல்லிவிட்டது. இன்றைக்கும் அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி ஓர் அர்த்தம் கிடையாது. ஒத்துக்கொள்ளுமா என்று தெரிய ஒரே வழி, முழங்கை மடிப்பில் தினம் இரண்டு வேளை ஒரே இடத்தில் ஒரு வாரம் தடவிப் பார்ப்பது. அரித்தால், தடித்தால், அதோடு விட்டுவிட வேண்டும். இதைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் செய்து பிரயோஜனமில்லை.

சரி, ஃபவுண்டேஷன், முகம் முழுக்க ஒரே நிறமாகத் தெரிய முதலில் பூசுவது. மூன்று சரக்கு. முதலாவது, கண்ணாடிக் குப்பியில் வரும் வெளிநாட்டுச் சரக்கு. விலை 3,800 ரூபாய். 24 மணி நேரம், மேட் (மினுங்காது), துணியில் ஒட்டாது என்று மூன்று வாக்குறுதி. இதை வாங்கவில்லை. காலிக் குங்குமச் சிமிழ் ஒன்றை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மால் கவுண்டருக்கு எடுத்துப்போய், "கொஞ்சம் கொடும்மா, வெயிலில் போட்டுப் பார்த்துட்டு வாங்கறேன்" என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முக்கால் சிமிழ் ஊற்றிக் கொடுத்தாள். கேட்டால் கொடுக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. இரண்டாவது, நீல மூடி போட்ட உள்ளூர்ச் சரக்கு. 450 ரூபாய், 12 மணி நேரம், கூடவே வெயிலைத் தடுக்கும் அளவு, எஸ்.பி.எஃப். 30. மூன்றாவது என் மேக்கப் பெட்டியிலேயே கிடக்கும் பான்கேக். டெக்னிகலர் படங்களுக்காக மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் 1930-களில் கொண்டுவந்த வகை இது. ஈர ஸ்பாஞ்சால் தொட்டுத் தடவ வேண்டும். நாடகக்காரர்களும் நாட்டியக்காரர்களும் இன்னும் விடவில்லை. அம்மாவின் கட்சி அதுதான். "அந்தக் காலத்துல நடிகைங்க எல்லாம் இதைத்தானே போட்டாங்க?"

முதலில் நிறம். கடை வெளிச்சத்தில் மணிக்கட்டில் தடவிப் பார்த்து வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் ஏமாற்றம்தான். மணிக்கட்டின் உள்பக்கம் முகத்தைவிட வெளுப்பு. தாடையோரம் மூன்று கோடு இழுத்துவிட்டு, அரை மணி நேரம் கடைத்தெருவில் சுற்றிவிட்டு, வெயிலில் நின்று பார்க்க வேண்டும். அந்த அரை மணி நேரம் எதற்கு என்றால், இளகலாக வைத்திருக்கும் கரைப்பான் பறந்ததும், முகத்து எண்ணெய் நிறமிக்குள் இறங்கியதும், ஃபவுண்டேஷன் அரை ஷேட் கறுக்கும். நீல மூடி அப்படித்தான் கறுத்தது. அதனால் அதில் ஒரு எண் குறைவாக வாங்கினோம். கண்ணாடிக் குப்பி போட்ட நிறத்திலேயே நின்றது. ஷேட் விஷயத்தில் அது சொன்னதைச் செய்கிறது. பான்கேக்கில் நம் மாநிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி எதுவும் கிடைப்பதில்லை. இரண்டு வில்லையைக் கலந்து சரிக்கட்ட வேண்டும். அப்படியும் கழுத்து ஒரு ஊர், முகம் ஒரு ஊர்.

அடுத்தது வெயில். காலை ஏழரைக்குப் போட்டுக்கொண்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி ஸ்ரீரங்கம், அங்கே கோயில் பிரகாரத்தில் ஒரு சுற்று, திரும்ப வந்து சமையலறையில் இட்லிக் கொப்பரை பக்கத்தில் அரை மணி நேரம். ஓமப் புகைக்கு அதைவிட நல்ல ஒத்திகை எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதே ஜன்னலோரம், அதே செல்போன், ஃபில்டர் இல்லாமல் ஒரு படம். பழைய வெள்ளை வேட்டியைத் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டையும் கன்னத்தில் ஒரே மாதிரி அழுத்தி எடுத்து, நேரத்தைப் பேனாவால் எழுதி வைத்தேன்.

நாலாவது மணி நேரம் வரைக்கும் கண்ணாடிக் குப்பிதான் ராணி. வேட்டித் துணியில் ஒட்டவே இல்லை. பட்டு ரவிக்கைக் கழுத்தை நினைத்து நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். ஐந்தாவது மணி நேரத்தில் மூக்கோரத்தில் ஒரு சின்ன விரிசல். ஆறாவதில் மேலுதட்டுக்கு மேலே, வேர்வை முத்து முத்தாக நிற்கும் இடத்தில், சுண்ணாம்புச் சுவர் பொரிந்த மாதிரி சில்லுச் சில்லாக எழும்பியது. காரணம் தெரிந்ததுதான். இந்த வகை ஃபவுண்டேஷனில் எளிதில் ஆவியாகும் கரைப்பான் பறந்துபோய், சிலிகோன் பிசின் ஒரு மெல்லிய ஏடாக முகத்தில் படியும். நிறமி அந்த ஏட்டுக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால்தான் துணியில் ஒட்டுவதில்லை. ஆனால் சிரிக்கிற, அழுகிற, பேசுகிற முகத்தில் ஏட்டுக்கு அடியில் எண்ணெய் ஊறினால் அது விரியத்தான் செய்யும். விரிந்த இடத்தில் மேலே பூசினேன். கட்டி கட்டியாக நின்றது. துடைத்தேன். அந்த இடம் மட்டும் மொட்டையாக, சுற்றிலும் ஓரம் கட்டித் தெரிந்தது. முழுக்கக் கழுவிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி. தாலி கட்டிய பெண்ணை பந்திக்கு நடுவில் எழுப்பி முகம் கழுவச் சொல்ல முடியுமா?

நீல மூடியின் 12 மணி நேரம் சுத்தப் பொய். இரண்டாவது மணி நேரத்திலேயே நெற்றி மினுங்கியது, நாலாவதில் துணியில் பழுப்பு ஒட்டியது. ஆனால் கலைவது ஒரே சீராகக் கலைந்தது. மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போனது, எங்கேயும் திட்டு விழவில்லை. டிஷ்யூவை ஒற்றி எடுத்து, காம்பாக்ட் பவுடரை ஒரு தட்டுத் தட்டினால் பழையபடி ஆகிவிட்டது. ஒரு நிமிஷ வேலை. மேடையில் பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் நாத்தனார்கூடச் செய்துவிடலாம். எட்டரை மணி நேரத்தில் அப்படி மூன்று தடவை ஒற்றினேன். கடைசிப் படத்தில் நீலப் பக்கம் கொஞ்சம் களைத்த முகம், கண்ணாடிப் பக்கம் தோல் உரிந்த முகம்.

அன்றையிலிருந்து நான் எந்தச் சாமானைப் பார்த்தாலும் கேட்பது இதைத்தான். எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது கம்பெனி சொல்கிற கணக்கு. கலையும்போது எப்படிக் கலையும் என்பதை எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை.

பான்கேக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சூட்டைத் தாங்கியது, வேர்வையைக்கூட ஓரளவு தாங்கியது. கண்ணீரை மட்டும் தாங்கவில்லை. வெங்காயம் நறுக்கவிட்டுப் பார்த்தேன். கண்ணிலிருந்து தாடை வரைக்கும் ஒரு கோடு விழுந்தது. கன்னிகாதானத்தின்போது எங்கள் அப்பா அழுவார். அவர் அழுதால் இவள் அழுவாள். அம்மாவின் கட்சி அங்கேயே தோற்றது.

எஸ்.பி.எஃப். 30 என்ற வாக்குறுதியையும் சேர்த்தே பார்த்துவிட்டேன். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு தராசு போதும். எஸ்.பி.எஃப். சோதனையில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மி.கி. வீதம் பூசி அளக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு முகத்துக்கு ஒரு கிராமுக்கு மேல் வேண்டும். ஆன்லைனில் கிடைக்கிற சின்ன நகைத் தராசில் குப்பியைப் போடும் முன்பும் போட்ட பின்பும் வைத்துப் பார்த்தேன். நாங்கள் போட்டது சுமார் அரை கிராம். ஒரு கிராம் போட்டால் எழுதியிருக்கும் எண் கிடைக்கலாம், கூடவே பொம்மலாட்டப் பொம்மை முகமும் கிடைக்கும். வெயிலுக்கு வேண்டுமானால் தனியாக சன்ஸ்கிரீன் போட்டுக்கொள்ளுங்கள். ஃபவுண்டேஷனில் இருப்பதை இனாமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் சோதனை ஐந்து நிமிஷ வேலை. இருட்டறையில் செல்போன் ஃபிளாஷ் போட்டு ஒரு படம். மூன்று ஃபவுண்டேஷனும் தப்பித்தன. மாட்டிக்கொண்டது ஒரு வெள்ளைத் தூள். "எச்.டி." என்று பெயர் போட்ட அந்தத் தூளில் பெரும்பங்கு சிலிக்கா. கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஃபிளாஷ் அடித்தால் கண்ணுக்கடியில் திருநீறு அப்பிய மாதிரி வெளுக்கும். டைட்டானியம் டை ஆக்ஸைடு, துத்தநாக ஆக்ஸைடு கூடுதலாக இருந்தாலும் இதே கதைதான். ரிசப்ஷன் ஆல்பம் முழுக்கப் பெண் பேயடித்தாற்போல நிற்பதை நான் வேறொரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். அதற்குமேல் சொன்னால் யார் போட்ட மேக்கப் என்று கேட்பீர்கள்.

இனி பிரஷ். ஃபவுண்டேஷனை எதால் போடுகிறோம் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. இங்கே போட்டியில் மூன்று: "100 சதவீதம் ஆட்டு முடி" என்று ஆன்லைனில் வாங்கிய 1,400 ரூபாய் பிரஷ், 350 ரூபாய் சிந்தெடிக் பிரஷ், முட்டை வடிவத்து ஸ்பாஞ்ச்.

முடிக்கும் நாருக்கும் உள்ள வித்தியாசம் எளிதானது. விலங்கு முடியின் மேல் ஓடு அடுக்கியது போலச் செதில் உண்டு. பவுடரை அது பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். சிந்தெடிக் நார் வழவழ என்று இருக்கும், பெரும்பாலும் பாலியெஸ்டர் வகை, டாக்லான் என்று பெயர் போட்டு விற்பார்கள். நீர்ச் சரக்கை அது உறிஞ்சாமல் அப்படியே முகத்தில் தள்ளும். ஆக, பவுடருக்கு முடி, ஃபவுண்டேஷனுக்கு நார். பழைய பிரஷ்காரர்கள் இதைத்தான் சொல்வார்கள். ஜப்பானில் ஹிரோஷிமா பக்கத்தில் குமானோ என்று ஒரு ஊர். எழுத்துத் தூரிகை கட்டியே பிழைத்த ஊர், பிறகு மேக்கப் பிரஷ்ஷுக்கு வந்தது. 2011-ல் மகளிர் கால்பந்து உலகக் கோப்பையை ஜெயித்த ஜப்பான் அணிக்குத் தேசிய கௌரவ விருதோடு அரசு கொடுத்த பரிசு குமானோ மேக்கப் பிரஷ்கள்தான். கோல் போட்டவர்களுக்குப் பிரஷ்ஷா என்று முதலில் சிரித்தேன். அந்த ஊர்ப் பிரஷ் ஒன்றை ஒரு தோழியிடம் வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

நாம் வாங்கியது குமானோ இல்லை. பெட்டியைத் திறந்ததுமே ஒரு சந்தேகம். ஆட்டு முடியின் நுனி ஒரே சீராக இருக்காது, இது கத்தரித்த மாதிரி ஒரே மட்டம். ஒரே ஒரு முடியைப் பிடுங்கி, இடுக்கியில் பிடித்து, அகல் விளக்கில் காட்டினேன். நிஜ முடி என்றால் தலைமுடி பொசுங்கிய நாற்றம் வரும், கருகிய நுனியை விரலால் நெருடினால் பொடியாகிவிடும். இது சுருண்டது, உருகியது, நுனியில் கடுகளவு மணியாகக் கட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் பை எரிந்த வாடை. தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்து மருதாணி டிசைன் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆயிரத்து நானூறு ரூபாய் ஆடு," என்றாள். திருப்பி அனுப்பினோம். பணம் வர பதினொரு நாள் ஆயிற்று. (இந்தச் சோதனையைக் குழந்தைகள் இல்லாத நேரத்தில், தண்ணீர்க் கிண்ணம் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.)

பெயரைப் பார்த்து ஏமாற இன்னொரு இடம் "கேமல் ஹேர்". அதில் ஒட்டக முடி இருப்பதில்லை. அணில், ஆடு, குதிரை என்று எதுவாகவும் இருக்கும். ஓவியத் தூரிகையில் கீரி முடி என்று யாராவது பெருமையாகக் காட்டினால் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

350 ரூபாய் சிந்தெடிக்குக்கு "முடி உதிராது" என்று வாக்குறுதி. கறுப்பு ரவிக்கைத் துணியை மேசையில் விரித்து ஐம்பது தடவை இழுத்தேன். புதிதில் மூன்று நார் விழுந்தது. குழந்தை ஷாம்பு போட்டுக் கழுவி, காயவைத்து, மறுபடி இழுத்தேன். ஒன்று. மூன்றாவது கழுவலுக்குப் பிறகு ஒன்றுமில்லை. புதுத் துடைப்பமும் முதல் வாரம் உதிரத்தான் செய்யும். வேரோடு, பசைத் துணுக்கோடு வந்தால்தான் பயப்பட வேண்டும். உலோக வளையத்துக்குள் பசை விட்டுப்போகிறது என்று அர்த்தம். அதில் பாதி நம் தப்பு. கழுவிவிட்டு டம்ளரில் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் வளையத்துக்குள் இறங்கி பசையை ஊறவைத்துவிடும். மேசை ஓரத்தில் படுக்கவைத்து, தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி காயவைத்தால் ஐந்து வருஷம் வரும். என் பெட்டியில் ஒன்று எட்டு வருஷமாக இருக்கிறது.

ஸ்பாஞ்ச், போட்ட முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டால், மூன்றிலும் உசத்தி. நனைத்தால் உப்பும், பிழிந்துவிட்டுத் தட்டித் தட்டிப் போட்டால் தோலோடு தோலாகப் போய்விடும். கோடு விழாது. ஆனால் தராசு வேறு கதை சொன்னது. அதே அளவு மூட, பிரஷ்ஷுக்கு ஆனதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சரக்கு குப்பியிலிருந்து போயிருந்தது. மிச்சமெல்லாம் ஸ்பாஞ்சின் வயிற்றில். 450 ரூபாய் குப்பியென்றால் போகட்டும் என்று விடலாம். 3,800 ரூபாய்க் குப்பியை ஸ்பாஞ்சில் ஊற்ற எனக்குக் கை வராது. இன்னொன்று, அழுக்கு. இங்கிலாந்தில் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தார் ஆட்கள் பயன்படுத்திய மேக்கப் சாமான்களை வாங்கிச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பதில் கிருமி. ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒரு தடவைகூடக் கழுவப்படாதவை, 64 சதவீதம் தரையில் விழுந்து எடுத்தவை. "கிருமி எதிர்ப்பு" என்று அட்டையில் எழுதியிருந்தால் கழுவ வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஈரமாகவே ஜிப் பைக்குள் போட்டு மூடிய ஸ்பாஞ்சை ஒரு வாரம் கழித்து நறுக்கிப் பாருங்கள். நான் நறுக்கினேன். உள்ளே கறுப்புப் புள்ளி. அன்று மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

லிப்ஸ்டிக்கில் பிரச்சினை ஒன்றே ஒன்று: கல்யாணச் சாப்பாடு. ஒட்டாத லிப்ஸ்டிக் என்ற ஆசை பழையது. நியூயார்க்கில் ஹேசல் பிஷப் என்ற வேதியியலாளர் தன் வீட்டுச் சமையலறையில் பரிசோதித்துப் பரிசோதித்து, 1950-ல் அப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது உதட்டில் சாயம் ஏற்றுகிற வகை. இப்போதுள்ள திரவ மேட் லிப்ஸ்டிக், கண்ணாடிக் குப்பி ஃபவுண்டேஷனின் அக்கா தங்கை: கரைப்பான் பறக்கும், பிசின் ஏடு நிற்கும். காபி டம்ளரில் வைத்துப் பார்த்தேன், தடமே இல்லை. தயிர்சாதம், தேறியது. உளுந்து வடை வந்ததும் ஆட்டம் முடிந்தது. அந்த ஏட்டுக்கு எண்ணெய்தான் எமன். உதட்டின் உள்வட்டம் முழுக்கப் போய், வெளிவட்டம் மட்டும் சிவப்பாக நின்றது. சாதாரணக் குச்சி லிப்ஸ்டிக் டம்ளரில் பூராவும் ஒட்டியது. வடைக்குப் பிறகு மொத்தமாக மங்கி, இளஞ்சிவப்பாக ஏதோ மிச்சமிருந்தது. அதன் மேல் ஒரு தடவை இழுத்தால் புதிது. இங்கே நான் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். மேடையில் திரவம், அங்கே நெய்யும் இல்லை வடையும் இல்லை. பந்திக்கு உட்காரும் முன் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயில் அதைத் துடைத்துவிட்டு, சாப்பிட்டு எழுந்ததும் குச்சி.

கண் மைக்கு மூன்று வகை வாங்கி, இரண்டாவது நாளே சோதனையை நிறுத்திவிட்டேன். "கலையாது" என்று எழுதிய பென்சில்கள் கண்ணின் உள்ளோரத்தில் இழுத்தால் எல்லாமே கலைகின்றன. இமைக்கு மேலே இழுத்தால் எல்லாமே நிற்கின்றன. ஈரமான இடத்தில் எதுவும் ஒட்டாது, அவ்வளவுதான். மேலே ஜெல் லைனர், உள்ளே ஒன்றும் வேண்டாம். அம்மா இதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளையின் கண்ணில் மை இல்லாமல் மேடையேற்றக் கூடாதாம். திருஷ்டிக்குக் காதோரம் ஒரு பொட்டு வைப்பதாகப் பேசி முடித்தோம்.

பொட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபவுண்டேஷனுக்கு முன் பூசும் சிலிகோன் ப்ரைமர் போட்ட நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு வழுக்குகிறது. பொட்டு வைக்கிற இடத்தை மட்டும் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். இதை எந்தக் கம்பெனியும் சொல்லாது.

வாங்கும்போது பெட்டியில் பார்க்க வேண்டியவை சில. இங்கே தயாரித்தது என்றால் உற்பத்தி உரிம எண், இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும். 2020-ன் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி இவை இருக்க வேண்டும். பாதி விலைக்கு ஆன்லைனில் வருகிற வெளிநாட்டுச் சரக்கில் இவை காணாமல் போயிருந்தால், உள்ளே இருப்பதும் வேறு ஏதாவதுதான். திறந்த டப்பா படத்துக்குள் 12எம் என்றிருந்தால் திறந்து பன்னிரண்டு மாதம்வரை வைத்துக்கொள்ளலாம் என்று பொருள். திறந்த தேதியை மார்க்கரில் குப்பியின் அடியில் எழுதிவைப்பது என் பழக்கம்.

ஆக, முகூர்த்தத்துக்கு நீல மூடி, சிந்தெடிக் பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு பூச்சு, மூக்கோரத்தில் மட்டும் ஸ்பாஞ்ச் நுனியால் நாலு தட்டு. கையில் ஒரு கட்டு டிஷ்யூவும் காம்பாக்ட்டும் நாத்தனாரிடம். எண்ணெய் வழியாத, வறண்ட தோலாக இருந்தால் நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். கண்ணாடிக் குப்பி அவர்களுக்கு எட்டு மணி நேரமும் நிற்கலாம். ஏசி மண்டபமாக இருந்தாலும் கணக்கு மாறும். எங்களுக்கு வாய்த்தது இந்த மண்டபம், இந்த மூக்கு.

ரிசப்ஷனுக்குக் கண்ணாடிக் குப்பிதான் வேண்டும் என்று தங்கை ஒரே பிடிவாதம். ஃபிளாஷில் அந்தப் பக்கக் கன்னம் அழகாக இருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. மூன்று மணி நேரத்துக்குள் அது விரியாது என்பதும் தெரியும். அதற்காக 3,800 ரூபாய் கொடுக்க மனசு வரவில்லை. குங்குமச் சிமிழைத் திறந்து தராசில் வைத்துப் பார்த்தேன். இன்னும் ஒரு முகத்துக்கு இருக்கிறது. சிமிழை நன்றாக மூடி, பிரிட்ஜில் முட்டை வைக்கிற குழியில் வைத்து, யாரும் நெற்றியில் இட்டுக்கொள்ளாதீர்கள் என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன்.